படிமேடைக்குக் கீழே குடியிருந்த காலம்

எங்கள் வீட்டின் முகடு படிக்கட்டின் அடிப்புறம் போலச் சரிந்திருந்தது. வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். கட்டில் கிடந்த உள்ளறைக்குப் போகப் போகத் தலையைத் தாழ்த்தவேண்டும். அது உண்மையிலேயே ஒரு படிக்கட்டின் அடிப்புறந்தான். பலெர்மோ நகரில் துறவிகள் நடத்தும், சிறுவர் வகுப்பு முதல் மேல்வகுப்பு வரையுள்ள கல்லூரியொன்றின் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் அமரும் கொங்கிரீட் படிமேடைக்குக் கீழே, காவலாளிக்கென ஒதுக்கப்பட்ட இரண்டு அறைகள் அவை. வாயிற்கதவைத் திறந்து பூட்டுதல், புல்லுக்கு நீர் விடுதல், சுண்ணாம்பால் கோடு இழுத்தல், ஆட்டம் முடிந்தபின் குப்பை பொறுக்குதல் ஆகிய பணிகளுக்காக அவ்வீடும் சிறு சம்பளமும் எனக்கு அளிக்கப்பட்டிருந்தன. என் மனைவி லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், வசதியான இத்தாலிய அம்மாவின், வீட்டில் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டு மினுக்கி வந்தாள். இந்நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நாங்கள் காட்டிய முகவரியும் அந்தப் படிமேடையின் முகவரியே.

குடிபுகுந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. தலைக்கு மேலே திடீரென ஒரு பேரிரைச்சல் எழுந்தது. நூற்றுக்கணக்கான கால்கள் ஒருசேரக் கொங்கிரீட்டில் உதைத்தன. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது என் மனைவி, பாதி சீவிய உருளைக்கிழங்கு கையில் இருக்க, மேசைக்கடியில் இருந்தாள். நானோ அடுப்பை அணைத்திருந்தேன். யுத்த காலத்து மன்னாரில் விமானச் சத்தம் கேட்டால் முதலில் புகையை அடக்கவேண்டும். கை தானாகவே அதைச் செய்துவிட்டது.

"வெளிய வாரும். கோல் அடிச்சிருக்கினம்," என்றேன்.

"ஆர் அடிச்சது?"

"ஆர் அடிச்சால் என்ன? பந்துதான்."

"திரும்பவும் அடிப்பினமோ?"

"அடிக்கத்தானே விளையாடினம்!"

"அப்ப நான் இதுக்குள்ளயே இருக்கிறன். கத்தியை எடுத்துத் தாங்கோ, கிழங்கைச் சீவி முடிப்பம்," என்றாள்.

ஆண்டுகள் போகப் போக, காலோசையை வைத்தே கல்லூரிப் பிள்ளைகள் வென்றார்களா தோற்றார்களா என்று அறியுமளவுக்கு நாங்கள் தேர்ந்தோம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உள்ளறையில் படுத்ததே இல்லை. கதவின் பின்புறத்து ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்கியது. கடவுச்சீட்டுகள், பெர்மெஸ்ஸோ, பங்குக் கோவிலில் தந்த விவாகப் பத்திரம், அவளுடைய பிரஷர் மாத்திரை, ஒரு சாரம், ஒரு துவாய் ஆகியன அதற்குள் இருந்தன. ஓடுவதற்கென்று கட்டிய பை அது. எங்கள் கரையிலிருந்து இந்நகருக்கு வந்தவர்களில் யாருடைய வீட்டுக்குச் சென்றாலும் கதவின் பின்னால் பாருங்கள்; அப்படியொரு பையைக் காண்பீர்கள்.

மைதானத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்ற பேச்சுக் கல்லூரியில் எழுந்தபோது எனக்கு அறுபத்தைந்து வயது கடந்திருந்தது. நடைகூடத்தில் பெரிய வரைபடமொன்றைத் தொங்கவிட்டார்கள். செயற்கைப் புல், வானுயர்ந்த விளக்குக் கம்பங்கள், நிறம் நிறமான நாற்காலிகள், விருந்தினருக்குக் கண்ணாடிக் கூடம் என்று யாவும் அதில் இருந்தன. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். இவ்வளவு பெருஞ்செலவு ஒரு பந்துக்குத் தகுமா என்று ஒரு பகுதியினர் கேட்டார்கள். சிறுவர் பகுதியின் கூரை ஒழுகி, வகுப்பறை நடுவில் வாளி வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். மைதானம் மங்கினால் கல்லூரியும் மங்கும், வேறு கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று மறுபகுதியினர் வாதிட்டார்கள். என் மனைவி வேலை செய்த வீட்டில் சிஞ்ஞோரா முதற் கட்சி. அதே கல்லூரியில் படித்த அவருடைய கணவர் இரண்டாம் கட்சி. சாப்பாட்டு மேசையில் அவர்கள் இட்ட சண்டையை இவள் மாலையில் வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. என் மனத்தை வாட்டியது வேறொன்று. புதிய வாயிற்கதவு அட்டையைக் காட்டினால் தானே திறக்குமாம். தானே திறக்கும் கதவுக்குக் காவலாளி எதற்கு? காவலாளி வேண்டாமெனில் வீடு எதற்கு? அந்த வரைபடத்தில் எங்கள் அறைகள் இருந்த மூலையை உற்றுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நடைகூடத்தைக் கடக்கும்போது மறுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

நகருக்கு வெளியே ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோரப் பகுதியில் மீன் உணவகமொன்றின் குசினியில் வேலை செய்த என் நண்பர், மன்னாரின் பேசாலைக் கரையைச் சேர்ந்தவர், இதைக் கேட்டுச் சிரித்தார்.

"அண்ணை, போய்க் கேளுங்கோவன். கல்லூரிப் பாதர் என்ன உங்களைப் பொரிச்சுத் தின்னப் போறாரே?"

"கேட்டால் எங்களை ஞாபகம் வந்திடும், தம்பி."

"ஞாபகம் வந்தால் நல்லதுதானே?"

"எங்கை நல்லது நடந்தது? ஞாபகம் வந்த இடமெல்லாம் எழும்பு எண்டுதான் சொன்னவங்கள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவரும் யுத்தத்தில் இடம் இடமாக எழும்பு என்ற சொல்லைக் கேட்டவரே.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாதத்தில், நண்பகல் வேளையில் அது நடந்தது. பயிற்சிக்காகப் பிள்ளைகள் படிமேடையில் ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முன்னறையில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளறையில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு தேங்காயளவு கொங்கிரீட் அவளுடைய தலையணையில் புதைந்து கிடந்தது. முகட்டில் அது பெயர்ந்த இடத்தில் கம்பிகள் துருவேறிச் சிவந்து தெரிந்தன.

அதன்பின் நடந்ததை நான் தீர்மானிக்கவில்லை. அவள் பையை ஆணியிலிருந்து பறித்தாள். எச்சில் கையோடு இருந்த என்னைப் பிடித்து இழுத்தாள். கட்டடத்தை விட்டு ஓடி, மைதானத்தின் நடுவிலே, வெட்டவெளியில், முகங்குப்புற விழுந்தாள். நானும் அவள் அருகே விழுந்தேன். பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டோம். புல்லின் ஈரம் நெற்றியில் பட்டது. அடுத்த சத்தத்திற்காகக் காத்திருந்தோம்.

வந்தது சிரிப்புச் சத்தம். பிள்ளைகள் படிகளில் நின்று கைதட்டினார்கள்.

"நோன்னோ! கடற்கரை அந்தப் பக்கம்!" என்று ஒருவன் இத்தாலியத்தில் கூவினான். தாத்தா என்றுதான் அவர்கள் என்னை அழைப்பார்கள். நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, புல்லில் பூச்சி பிடித்திருக்கிறதா என்று பார்த்தோம் என்றேன். என் கை அப்போதும் சோறும் பருப்புமாக இருந்தது.

மறுநாள் நண்பர் உணவகத்தின் சிறு வான் வண்டியில் பழைய பந்தல் மரங்களைக் கொண்டுவந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நாங்கள் இருவரும் உள்ளறையில் இரண்டு மரங்களை நிறுத்தி, குறுக்கே ஒரு மரத்தை இறுக்கி, அடியில் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கினோம். எவரும் எவருக்கும் அளவு சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊரில் பனங்குற்றியால் எத்தனை தடவை குண்டுக்குப் பதுங்கும் பங்கர் கட்டியிருக்கிறோம்! வேலை முடிந்ததும் நண்பர் மரத்தை ஓங்கித் தட்டினார்.

"இனிக் கிபிர் பிளேன் வந்து குண்டு போட்டாலும் உங்களுக்கு ஒண்டும் நடவாது, அண்ணை. ஆருக்கும் சொல்லவும் தேவையில்லை. வீடும் இருக்கும், நீங்களும் இருப்பியள்."

எனக்கு அது பெரும் ஆறுதலாயிருந்தது. அன்று பகல் முழுவதும் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

மாலையில் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறை வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாக் கட்டியிருக்கிறியள்," என்றாள்.

"பயப்பிடாதையும். இனி விழாது."

"இஞ்சேருங்கோ, பங்கர் ஆரைக் காக்கும்?"

"உள்ளுக்கு இருக்கிறவையை."

"மேல நிக்கிறவையை?"

நான் மணற்சாக்கொன்றைக் காலால் தள்ளி நேராக்கினேன்.

"வாற ஞாயிறு பழைய மாணவருக்கும் இப்ப படிக்கிறவைக்கும் மட்ச். பவிலியன் முட்டச் சனம் வரும். சிஞ்ஞோராவின்ரை பொடியன் அண்டைக்குப் போடுற உடுப்பை இப்பதான் மினுக்கிப் போட்டு வாறன்," என்றாள். சிஞ்ஞோராவின் மகனை அவன் நடை பழகிய நாள் முதல் அவள் அறிவாள்.

"சொன்னால் வீடு போயிடும்."

"போகும்."

"இந்த வயசில எங்கை போறது?"

"பை கிடக்குத்தானே," என்றாள். துணிவு பெற்றவள் பேசிய பேச்சல்ல அது; அவளும் என்னளவுக்கே அஞ்சியிருந்தாள். ஆனால் அவளுடைய அச்சம் கூரைக்கு மேலேயும் போய்ப் பார்த்திருந்தது.

கொங்கிரீட் துண்டைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்லூரியின் தலைவராயிருந்த பாதரிடம் அன்றைக்கே சென்றோம். மேசையில் வைத்துத் துவாயை விரித்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொல்லத் தொடங்குமுன்பே அவர் எழுந்துவிட்டார். எங்கள் அறைக்கு வந்தார். தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்தார். மரங்களையும் மணற்சாக்குகளையும் கண்டு நின்றார்.

"இது என்ன?" என்று கேட்டார்.

"பங்கர்," என்றேன். அந்தச் சொல் அவருடைய மொழியிலும் அதுவேதான்.

அவர் மரத்தைத் தொட்டார். பிறகு மேலே பார்த்தார். படிமேடை அன்றே பூட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மக்கள் கோட்டோரமாக நின்று பார்த்தார்கள். எங்கள் தலைக்கு மேலே ஓசையே இல்லை. அந்த மௌனத்தில் என் மனைவி முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமையில் கட்டிலில் படுத்தாள், ஆனால் உறங்கவில்லை. எங்களை எப்போது எழும்பச் சொல்வார்கள் என்று இருவரும் காத்திருந்தோம்.

பெற்றோர் கூட்டத்தில் அந்தத் துண்டை மேசை நடுவில் வைத்தார்களாம். அதன்பின் எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வரவில்லை. படிமேடை மட்டுமன்று, விளக்கு, செயற்கைப் புல், கண்ணாடிக் கூடம் அனைத்தும் ஒரே மூச்சில் ஏற்கப்பட்டன. சிஞ்ஞோராவும் கையை உயர்த்தினாராம். படிமேடையைச் சோதிக்க வந்த பொறியியலாளர் அவசியம் என்று எழுதியது படிகளை இடித்துக் கட்டுவதை மட்டுந்தான் என்று பின்னர் அறிந்தேன். நான் துவாயில் சுற்றிக் கொண்டுபோன துண்டு இவ்வளவையும் தன்மேல் சுமக்கும் என்று எண்ணியிருக்கவில்லை. அதைக் குறித்தும் எனக்கு ஒருவகை அச்சம் உண்டாயிற்று.

சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் பாதர் வந்தார். புதிய வரைபடத்தில் காவலாளி வீடு இல்லை என்பதை அவரே சொன்னார். கபோ என்ற பகுதியில், சந்தைக்கு மேலேயுள்ள ஒரு வீட்டில் அறையொன்று பங்குக் கோவில் மூலம் எங்களுக்குக் கிடைத்திருப்பதையும், சிறுவர் பகுதியைத் துப்புரவு செய்யும் பணி எனக்கு உண்டு என்பதையும் சொன்னார். இழப்பதற்கு வீடு மீதமில்லாத காரணத்தாலோ என்னவோ, நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அதுவே முதற் கேள்வி.

"பாதர், படிகளை மட்டும் கட்டினால் போதாதா?"

அவர் கட்டி வைத்த பெட்டியொன்றின்மேல் கையை ஊன்றினார்.

"படிக்கென்று கேட்டால் எவரும் தரமாட்டார்கள். உறுதியான படி கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்குக் கம்பத்தைக் காட்டினால் தருவார்கள். அதைக் காட்டித்தான் படியைக் கட்டவேண்டியிருக்கிறது."

"சிறுவர் பகுதிக் கூரை?"

"அதற்கும் ஒரு துண்டு விழவேண்டும் போலிருக்கிறது," என்றார். சொன்ன பின்பு தம் சொல்லைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு போய்விட்டார்.

மைதானம் திறந்த நாளில் எங்களுக்கும் அழைப்பு வந்தது. விளக்குகள் எரிந்தபோது புல் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாய் இருந்தது; மக்கள் மெய்மறந்து ஆர்ப்பரித்தார்கள். அழகில்லை என்று நான் சொன்னால் அது பொய். நான் ஏறி ஒரு நீல நாற்காலியில் அமர்ந்தேன். என் மனைவி ஏற மறுத்துக் கோட்டோரத்தில் நின்றாள்; கையில் பை இருந்தது. கோல் விழுந்தது. சுற்றியிருந்த அனைவரும் எழுந்து காலால் உதைத்தார்கள். நான் மட்டும் என் பாதங்களை நிலத்திலிருந்து சற்றே உயர்த்திக்கொண்டிருந்தேன். கீழே நிற்பவளைப் பார்த்தேன். அவள் பந்தைப் பார்க்கவில்லை; படிமேடையின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடக்கையில், "கீழ ஆரும் குடியிருக்கினமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. மோட்டர் அறையாம்."

"அப்ப சரி," என்றாள்.

அந்தச் செலவு தகுமா தகாதா என்று என்னைக் கேட்பவர் எவருமில்லை. கேட்டால், சிஞ்ஞோராவின் மகன் அமரும் படிக்குத் தகும் என்பேன். கோடு இழுத்த கையினால் இப்போது மழைக்காலத்தில் ஒவ்வொரு காலையும் சிறுவர் வகுப்பறையின் வாளியை எடுத்து ஊற்றுகிறேன். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முகட்டுக் கறை பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதன் கீழே சிறு நாற்காலிகள் வட்டமாய்க் கிடக்கின்றன. அவற்றைச் சுவரோரமாய்த் தள்ளுகிறேன். பிள்ளைகள் வந்து மீண்டும் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். வாளியைக் கழுவி வைத்த கையோடு, அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லக் கல்லூரி அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கிருக்கும் பெண் என்னைக் கண்டதும் பேனாவை மேசையில் வைத்துவிடுகிறாள்.

"மறுபடியும் நீங்களா?"

அச்சம் இன்னமும் போகவில்லை. ஆம், நான்தான் என்கிறேன்.