கத்தி வாய், டோஃபு மனசு

மூன்று வருடங்களுக்கு முன், சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. எதிர் வீட்டில் ஒரு வயதான சீனத் தம்பதி. அந்த அம்மாவைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். வாசலில் செருப்பு கிடந்தால் திட்டு, தாளிக்கிற வாசம் வந்தால் திட்டு. என் குழந்தை அழுதால், "உனக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்.

ஒருமுறை என் கணவர் ஊருக்குப் போயிருந்த நேரம் நானும் குழந்தையும் காய்ச்சலில் படுத்துவிட்டோம். "இப்படியா வீட்டை வெச்சிருப்ப?" என்று கத்திக்கொண்டே இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியை நீட்டியது அதே அம்மாதான். தினமும் வந்தார், தினமும் திட்டினார். பின்னால் நின்ற அவர் கணவர் சிரித்தார். "எங்க ஊர்ல ஒண்ணு சொல்வாங்க. கத்தி வாய், டோஃபு மனசுன்னு. இவ அந்த ரகம்."

சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு பனீரைவிட மென்மையானது, விரல் பட்டாலே உடையும். நம்ம ஊர் பலாப்பழம்தான், வெளியே முள், உள்ளே சுளை என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சொலவடையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகப் போய்விட்டது. இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பெரியவர் என்னிடம் வந்து, மெல்பர்னில் இருக்கும் மகளைக் கூப்பிடச் சொன்னார். அவர் கூப்பிட்டால் அவள் எடுக்க மாட்டாளாம். அப்படி ஒரு மகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வந்தாள். என்னைவிடச் சற்று மூத்தவள். வார்டு வாசல்வரை வந்தவள் உள்ளே போகாமல் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "அம்மாவுக்குக் கத்தி வாய்தான், ஆனா டோஃபு மனசு" என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. "அப்பா சொல்லிக் கொடுத்தாரா? அதை நீங்க பாராட்டுன்னு நினைச்சிட்டீங்க. வெட்டுப்பட்டவங்ககிட்ட, வலிக்குதுன்னு சொல்லாதே, பொறுத்துக்கோன்னு சொல்றதுக்கு எங்க வீட்ல அந்த வார்த்தை. அம்மா திட்டி முடிச்சதும் அப்பா வந்து சொல்வார். எனக்கும் சொன்னார். என் தம்பிக்கும் சொன்னார்."

தம்பி பரீட்சையில் தோற்ற அன்று, நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்றாராம் அம்மா. அப்பா வழக்கம்போல வந்து சமாதானம் சொன்னாராம். அன்று சாயங்காலம் வெளியே போனவன் உயிரோடு திரும்பவில்லை.

"அதுக்கப்புறம் அவன் ரூம்ல தினமும் சாப்பாடு வைப்பாங்க அம்மா. மனசு டோஃபுதான். நான் இல்லைன்னே சொல்லலை. உயிரோட இருந்தப்ப அவனுக்கு அது தெரியவே இல்லையே."

வெகுநேரம் கழித்து அவளே எழுந்து உள்ளே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா வாயைத் திறந்தார், ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது. அசைகிற ஒரு கையால் மகளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை, கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. தாயின் கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டபடி நின்றாள். உயிர் பிரியும்வரை கூடவே இருந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து, வந்தவர்களிடம் பெரியவர் மறுபடியும் அந்தச் சொலவடையை ஆரம்பித்தார். மகள் மெதுவாக, "இனிமே வேண்டாம்ப்பா" என்றாள். பாதியில் நிறுத்தியவர், அவள் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

இப்போதெல்லாம் எங்கள் உறவில் யாராவது, "அவங்க வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று ஆரம்பித்தால், அந்த இடத்தில் யார் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.