அதே பெயரில் இரண்டாவது பிள்ளை

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, இங்கத்தைய பேச்சில் சிஞ்ஞோரா, நாட்டுத் தலைவர்களுக்குப் பூட்டன் தேடிக் கொடுக்கிறவர். இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மையான தொழில்தான். அவர் அயர்லாந்துக்காரி. பலெர்மோக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இத்தாலிக்கு வந்து, கணவர் இறந்த பிறகும் ஊர் திரும்பாமல் கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறார். கடலுக்கு அப்பாலுள்ள நாடொன்றில் யாராவது ஜனாதிபதியாக வந்துவிட்டால் போதும், அயர்லாந்தில் நாலைந்து ஊர்கள் "அவரின் பூட்டன் எங்கள் ஊர்" என்று கிளம்பிவிடும். எந்த ஊர் சொல்வது சரி என்று பழைய தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துச் சொல்வது சிஞ்ஞோராவின் வேலை. தலைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தேர்தல் நெருங்கினால்தான் அவர்களுக்குப் பூட்டனின் ஞாபகம் வரும். அந்த ஊருக்குப் போய், கறுப்பு பியர்க் கிளாஸ் ஒன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் அங்கே பதினொரு வருடமாகச் சமையலும் துப்புரவும். சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கத் தொடங்கியபின் இன்னொரு வேலையும் சேர்ந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பதிவேட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டுவேன். பாதிரிமாரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் இத்தாலியனில்தான் கதைப்போம், அவர் சொன்னவை எனக்குள் எங்கள் தமிழாகவே பதிந்திருக்கின்றன. இத்தாலியனில் ஒரு வேடிக்கை உண்டு. மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் ஒரே சொல்தான், 'லெய்'. வந்த புதிதில் சிஞ்ஞோரா என்னிடம் 'லெய்' என்றால், எவளைப் பற்றிக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் என்னைப் பகிடி பண்ணுவார்.

எந்தத் தலைவரின் கோப்பைத் திறந்தாலும் சிஞ்ஞோராவின் முதல் கேள்வி ஒன்றுதான். "தாய்க்கு எத்தினை பிள்ளையள்?"

ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். "எங்கட ஊரிலை ஒரு பிள்ளை செத்தால், அடுத்த பிள்ளைக்கும் அதே பேரைத்தான் வைப்பினம். ஞானஸ்நானப் பதிவைக் கண்டவுடனை துள்ளக்கூடாது. அந்தப் பிள்ளை செத்ததோ எண்டு பாக்கவேணும். செத்த பிள்ளைக்குப் பேரப்பிள்ளை குடுத்தால் என்ர தொழில் போச்சு" என்றார்.

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். நானே செத்துப்போன ஒரு பிள்ளையின் பதிவில் உயிரோடு இருக்கிறவள்.

இதை நான் புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பிறந்து, முறையாகப் பதிந்து, ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். சாவைப் பதிய அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதன்பின் நான் பிறந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தோம். என்னைப் பதிய அரசாங்கக் கந்தோரும் இல்லை, ஊர் அலுவலரான விதானையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது, அப்பா பெட்டிக்குள் இருந்த அக்காவின் கடதாசியை எடுத்துக் கொடுத்தார். "அவளுக்கு இது இனி என்னத்துக்கு? இவள் படிக்கட்டும்" என்றாராம். அன்றிலிருந்து நான் அக்கா. வயதும் இரண்டு கூடிவிட்டது. என் சொந்தப் பெயரை அம்மா மட்டும், அதுவும் வீட்டுக்குள் மட்டும், கடைசிவரை கூப்பிட்டார். கடவுச்சீட்டு, பெர்மெசோ என்கிற இத்தாலிய வதிவிட அனுமதி, கலியாணப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு எல்லாம் அந்த ஒரு கடதாசியிலிருந்து வந்தவை. அடிக்கல்லை உருவினால் முழுவதும் சரியும்.

இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து மூன்றாம் வருடம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கடதாசிகளில் பெயர் ஒன்றுபோல் இல்லையாம். பத்து நாட்களுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். மகளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் மூன்று மாதம். அதற்குள் எனக்குக் கிடைத்தால் அவளுக்கும் சேர்ந்து கிடைக்கும், இல்லாவிட்டால் அவள் தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பேருந்துக்கு நின்றபோது, பிரான்காச்சோப் பக்கம் வேலை செய்யும் வன்னிக்கார அக்கா ஒருவரிடம் மெல்ல விசாரித்தேன். அவர் என் பயத்துக்கு நெய் ஊற்றினார். "பேர் பிழை எண்டால் விளையாட்டில்லை பிள்ளை. ஆளே வேறை எண்டு கண்டால் பெர்மெசோவையும் பறிச்சுப்போடுவாங்களாம்."

பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்த ஆட்களையெல்லாம் மனதுக்குள் விசாரித்தேன். கதவு மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றேன். கடிதத்தை ஐந்தாம் தடவை மகளைக் கொண்டு வாசிப்பித்தபோதுதான் விஷயம் விளங்கியது. சிக்கல் ஒரு எழுத்து. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர். விண்ணப்பத்தில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். கடவுச்சீட்டில் அந்த எழுத்துக்குப் பதிலாக அப்பாவின் முழுப்பெயர். இந்த எழுத்து யார் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அது அப்பா என்று.

"அம்மா, இதுக்கே இவ்வளவு பயம்? சிஞ்ஞோராட்டைக் குடுத்தால் ஒரு கடிதம் எழுதித் தருவாதானே. மா பெர்கே குடுக்கிறியள் இல்லை?" என்றாள் மகள். அவள் 'ஏன்' என்பதை எப்போதும் இத்தாலியனில்தான் கேட்பாள், அதுவும் சந்தைக்காரர் மாதிரி இழுத்து.

ஏன் என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் பிறந்த கதையை நானே சிஞ்ஞோராவுக்குப் பத்துத் தடவை சொல்லித் தொலைத்திருந்தேன். கோயில் மண்டபத்தில் அம்மாவுக்கு வலி வந்ததும், கோயிலுக்குத் துடக்காகிவிடும் என்று பெண்கள் அவரைத் தூக்காத குறையாகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு ஓடியது. நான் நாலாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குக் கீழே பிறந்தது. வெளியே செல் குண்டு விழ விழ உள்ளே ஒருத்தி குலவை மாதிரிக் கத்தியது. சிஞ்ஞோரா சிரிப்பார் என்பதற்காகவே கூட்டிக் கூட்டிச் சொல்வேன். சான்றிதழிலோ பெரியாஸ்பத்திரி என்று இருக்கிறது, வருடமும் வேறு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பொய்யைப் பிடிக்கிற மனுஷிக்கு இது எம்மாத்திரம்.

அந்தக் கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. ஒரு ஊர், தலைவர் ஒருவரின் படத்தைச் சுவரில் பெரிதாக வரைந்து, பெயர்ப்பலகையும் நட்டு, விழாவுக்கு நாளும் குறித்திருந்தது. சிஞ்ஞோரா தேடிப் பார்த்ததில் அவர்கள் காட்டிய பூட்டன் மூன்று வயதில் செத்த பிள்ளை. அடக்கப் பதிவை வாசித்துக் காட்டியதே நான்தான். விழாக்குழுவில் ஒருவர் தொலைபேசியில் கெஞ்சினார், கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கோ என்று. சிஞ்ஞோரா இரண்டே வரியில் எழுதி அனுப்பினார். பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஒரு ஊருக்கே இரங்காதவர் எனக்கா இரங்குவார்?

எட்டாம் நாள் வேறு வழியில்லாமல் சான்றிதழையும் இத்தாலிய மொழிபெயர்ப்பையும் அவர் மேசையில் வைத்தேன். எழுத்து விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "எங்கடை ஆக்களுக்கும் பேருக்கு முன்னாலை ஒரு 'ஓ' இருக்குதெல்லோ. அது பரம்பரைத் தலைவன்ர பேரன் எண்டதுக்கு. கப்பல் ஏறேக்கை கனபேர் அதை விட்டிட்டினம். உங்கடை எழுத்துக்குள்ளை அப்பா இருக்கிறார், எங்கடை எழுத்துக்குள்ளை பூட்டன் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே கையால் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். கடைசி வரி இப்படி இருந்தது: சான்றிதழில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒரே ஆள் என்று நான் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி கூறுகிறேன்.

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பழக்கதோஷத்தில், சான்றிதழின் மொழிபெயர்ப்பை வரி வரியாகப் பார்த்தார். விரல் பெயரைத் தாண்டியது. திகதியில் கொஞ்சம் நின்றது. பிறந்த இடத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. ஓடிப்போய் அந்தக் கடதாசியைப் பறித்துக்கொண்டு படியிறங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"உங்கடை அம்மாவுக்கு எத்தினை பிள்ளையள்?" என்றார், தலை நிமிராமல்.

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்த பதில் அது. ஆனால் "ரெண்டு" என்றேன்.

"நீங்கள்?"

"ரெண்டாவது."

அவர் பேனாவைத் திறந்து, கடைசி வரியை மட்டும் ஒரு கோட்டால் வெட்டினார். பிறகு வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல், முழுவதையும் திரும்ப எழுதிக் கையெழுத்து வைத்தார். "அலுவலகக்காரர் எழுத்தைப் பற்றித்தான் கேட்டவை. அதுக்கு மட்டும்தான் நான் சொல்லுவன்" என்றார். குரலில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் கதைக்கவேயில்லை. நான் அன்று பாத்திரங்களை இரண்டு தடவை கழுவினேன்.

ஒன்பதாம் நாள் மகளையும் கூட்டிக்கொண்டு குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஒரு வரி இல்லாத கடிதம் போதுமா என்பதுதான் வழி நெடுக என் யோசனை. எங்கள் இலக்கம் வந்தபோது கடதாசிகளை ஜன்னலுக்குள் நீட்டினேன். மகள் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தை வாசித்துச் சிரித்தார். "ஆகா, புள்ளி அப்பாவா" என்றார். பிறகு சான்றிதழின் மொழிபெயர்ப்பை எடுத்துப் பெயர், திகதி, ஆஸ்பத்திரி என்று அக்காவை முழுதாகச் சத்தமாக வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எ லெய்?"

நீங்கள்தானா என்று கேட்டார். அவள்தானா என்றும் அதற்கு அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. பழைய நாட்களைப் போல, எவளைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே வரிசையில் நின்றவர்களைத் தவிர ஒருவரும் இல்லை.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடிப் பக்கம் குனிந்து, எனக்குப் பதிலாக அவளே சொன்னாள்.

"சி, எ லெய்."

ஓம், அவள்தான். அவர் முத்திரையைக் குத்தி, சத்தியப்பிரமாணத்துக்கு வரவேண்டிய நாளை எழுதித் தந்தார். அந்த நாளுக்கும் மகளின் பிறந்தநாளுக்கும் இடையில் ஐந்து கிழமை இருந்தது.