ஓடும் சத்தத்தை அனுப்புங்க

தேவையில்லாத நாளில் ஓட்டி வைத்தால்தான் ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் ஓடும். இதை மாதம் ஒருமுறை, வாங்கியவர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. பாளையங்கோட்டையில் ஜெனரேட்டர் விற்றுப் பழுது பார்க்கும் கடை எங்களுடையது. இயற்பியல் படித்திருக்கிறேன், முன்பின் தெரியாதவர்களிடம் பேசத்தான் படிக்கவில்லை. பொய்யான பதில் வரும் என்று தெரிந்தே கேள்வி கேட்கும் வேலையில் இருப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பிரிக்காத பிளாஸ்டிக்

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், எப்போது கூப்பிட்டாலும் “போன வாரம்தாம்மா ஓட்டுனேன்” என்பார். எங்கள் மெக்கானிக் இசக்கி அண்ணன் ஒருநாள் அங்கே ஆயில் மாற்றப் போனபோது, சர்வீஸ் அட்டையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கைப்பிடியில் நாங்கள் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், ஆயில் ஊற்றிய அன்றைய நிறத்திலேயே மினுங்கியது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கப்பட வேண்டியவர் அவர். அவரோ நிதானமாகக் கேட்டார்: “புதுசா இருக்கதை எதுக்கும்மா ஓட்டி ஓட்டிப் பழசாக்கணும்?”

ஒரு நிமிடப் பதிவு

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘ஓட்டினீர்களா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓடும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். என்ஜின் சீராக ஓடுகிறதா, திணறுகிறதா என்பது சத்தத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் இசக்கி அண்ணனிடம் கேட்கலாம்.

இசக்கி அண்ணனுக்கு உண்மைக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. “பொய் சொல்லுதீயன்னு வாயால சொல்லக் கூச்சம். அதுக்கு இப்படி ஒரு வழியா, தங்கச்சி?”

மூன்று மாதம், ஒரே குரல்

சாமுவேல் சார் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் மனைவி டெய்சி அம்மாவுக்கு நுரையீரல் பழுது. வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்து, அதன் குழாய் வழியாகத்தான் மூச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது அரைமணி நேரம் தாங்கினால் அதிகம். அதற்கு மேல் மின்சாரம் வராவிட்டால் ஜெனரேட்டர்தான். அதனால் என் பட்டியலில் சாரின் பெயர்தான் முதலில் இருக்கும்.

சார் தவறாமல் பதிவு அனுப்பினார். முதல் மாதம் கேட்டபோது, என்ஜின் சத்தத்துக்கு நடுவே எங்கோ ஒரு டம்ளர் விழுந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். இரண்டாம் மாதமும் டம்ளர் விழுந்தது. மூன்றாம் மாதமும், அதே இடத்தில் விழுந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டேன். மூன்றிலும் அதே குரல், அதே மூச்சு வாங்கலோடு: “ஏங்க, கரண்டு போயிட்டா?”

நிறம் மாறிய பெட்ரோல்

போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சர்வீஸுக்கு வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை இசக்கி அண்ணனுடன் போனேன். வீட்டுக்குப் பின்னால், தகரச் சாய்ப்புக் கூரையின் கீழ் ஜெனரேட்டர் இருந்தது. தூசு இல்லை, துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். இசக்கி அண்ணன் கயிற்றை இழுத்தார். ஆறேழு முறை இழுத்தும் பிடிக்கவில்லை. கார்புரேட்டரின் அடி போல்ட்டைத் தளர்த்தியதும், பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று கொஞ்சம் பெட்ரோல் வடிந்தது. மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்தால் அப்படித்தான் ஆகும்.

இசக்கி அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். சார்தான் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே பேசினார்: “மொதத் தடவை ஓட்டுனப்போ கரண்டு போயிட்டுன்னு பயந்துட்டா. மூச்சு நிதானத்துக்கு வர அரைமணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் கயித்தைத் தொட எனக்குக் கை வரலம்மா.”

லோடு

கார்புரேட்டரைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றியதும் என்ஜினைக் கிளப்பலாம் என்றார் இசக்கி அண்ணன். ஆனால் சும்மா ஓடினால் போதாது; ஆக்சிஜன் மிஷினை அதில் மாட்டி, லோடு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை டெய்சி அம்மாவிடம் யார் சொல்வது? சார் சுவரைப் பார்த்தார். இசக்கி அண்ணன் என்னைப் பார்த்தார்.

உள்ளே போனேன். வாசலிலேயே மனப்பாடம் செய்த வாக்கியங்கள் பாதியில் மறந்துபோயின. கரண்டு போகவில்லை, நாங்கள்தான் ஓட்டப் போகிறோம், மிஷினை அதில் மாட்டும்வரை சிலிண்டரில் இருக்கலாம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சார் ஒரே பதிவையே மூன்று மாதமும் அனுப்பியதையும் சொல்லிவிட்டேன். அவர் கட்டிலின் ஓரத்தைத் தட்டி, “ஏட்டி, நீ இங்கன உக்காரு” என்றார்.

சார் குழாயை சிலிண்டருக்கு மாற்றினார். வெளியே என்ஜின் கிளம்பியது. டெய்சி அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. சார் மிஷினின் பிளக்கை மாற்றி மாட்டியதும் என்ஜின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு கனத்து, நிலையாக ஓடியது. குழாய் மறுபடி மிஷினுக்கு வந்தது. பத்து நிமிடம் கடந்தது. மெல்ல மெல்ல டெய்சி அம்மாவின் பிடி தளர்ந்தது. கணவரைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “இவ பயப்படாம சாகட்டும்னு… இருந்துட்டீயளாக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இனி மாசாமாசம் எனக்கே போன் போடு. நான் ஓட்டச் சொல்லுதேன்.”

நாலு பேருக்கு முன் வாய் திறக்கவே தயங்கும் எனக்கு, அடுத்தவர் வீட்டில் சத்தம் கேட்கும்வரை விடாமல் நச்சரிப்பதே பிழைப்பாகிவிட்டது.