அம்மா கார்டில் குறைந்த ஒரு கமா

லேமினேஷன் மெஷினிலிருந்து வெளியே வரும் கார்டின் இளஞ்சூடு… அந்தப் பிளாஸ்டிக் வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும்.

திருத்தங்கலில் ஒரு பிரஸ். என் முதல் வேலை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெண்களுக்கு ஐடி கார்டு அடிக்க ஆர்டர் வந்தது. அம்மா வேலை பார்த்த அதே கம்பெனி! ஆசையாய் அம்மா கார்டைத் தேடி எடுத்தேன்.



கணவர் பெயர்: ஓ பாசிட்டிவ்.
ரத்த வகை: போன் நம்பர்!

வெடிமருந்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்தக் கார்டைத்தானே பார்ப்பார்கள்?

பக்கத்து சிஸ்டம் பாத்திமாவும் நானும் கம்பெனி அனுப்பிய ஃபைலை நோட்பேடில் திறந்தோம். சிஎஸ்வி ஃபைல். ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு விவரம் நடுவில் ஒரு கமா… அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

"இங்கன பாரு புள்ள… உங்கம்மா வரியில மட்டும் ஒரு கமா கொறையுது."

கம்பெனி கிளார்க்குக்குப் போன் போட்டேன்.

"அந்தக்கா புருசன் பேரு வேண்டாம்னுட்டாக. பேரே இல்ல, பெறகு கமா எதுக்குன்னு எடுத்துட்டேம்மா."

பாவம், நல்ல மனசில்தான் எடுத்திருக்கிறார். ஆனால் பேர் இல்லாவிட்டாலும் அதன் இடத்தை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும்.

அப்பா எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் பார்த்துப் போனவர். சாயந்திரம் தயங்கித் தயங்கித்தான் அம்மாவிடம் சொன்னேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல புருசனாத்தான் பாத்துக் குடுத்திருக்காக! ஆத்திர அவசரத்துக்கு இவனாச்சும் ஒதவுவான்ல?"

சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த எடம் இருந்துதான் ஆகணுமா?"

"ஆமாம்மா. காலியாவாச்சும் இருக்கணும்."

"காலியா எதுக்குக் கெடக்கணும்? ஒம் பேரப் போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கமாவைப் போட்டு, 'மகள் ஜெயா' என்று அடித்தேன். கம்பெனியிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சென்னையில் ஐடி வேலை. ஜேசான், எக்ஸ்எம்எல் என்று தினமும் என்னென்னவோ ஃபைல்களோடு மாரடிக்கிறேன். போன வாரம் அம்மாவுக்காக ஏதோ ஒரு ஆப்பில் விவரம் நிரப்பினேன். கணவர் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பில் கத்துகிறது. என் பேரைப் போட்டால் உறவுமுறை தப்பு என்கிறது. எரிச்சலாக வந்தது…

அந்தப் பழைய ஃபைல் எதுவுமே கேட்கவில்லை. இரண்டு கமாவுக்கு நடுவில், அம்மா பேருக்குப் பக்கத்திலேயே, என்னை உட்காரவிட்டது.