காருக்கு அடியிலிருந்தும் மேலிருந்தும்

பழைய கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அதற்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது என் கணவரின் வேலை. தண்ணீர் பம்பு ஹவுஸில் ஆபரேட்டராக இருப்பவர். மோட்டாரும் ஸ்பேனரும் பழகிய கை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து ஒரு கார் நிற்கும் அகலம்தான். தடிமனான பலகைகளை அடுக்கிச் சரிவு மாதிரி வைத்து, முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, கீழே சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வார். அரை மணி நேரத்தில் கறுப்பு எண்ணெய் பேசினில் இறங்கியிருக்கும்.

போன வருஷம் அவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடக்கொச்சியில் இறால் கம்பெனி ஆபீசுக்கு நான்தான் தினமும் காரை ஓட்டிப் போகிறேன். ஆயில் மாற்றும் நாள் தாண்டிப்போனது. "வர்க்‌ஷாப்ல விடலாமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "அப்ப நான் படுக்கறேன். நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அலையேற்றத்தில் சந்துக்குள் புகுந்திருந்த உப்புத்தண்ணீர் வடிந்து தரை ஈரமாக இருந்தது. காரைப் பலகையில் ஏற்றினேன். எண்ணெய் இளகட்டும் என்று எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கீழே நகர்ந்தேன். எதிர்வீட்டுச் சேட்டன் பல் விளக்கிக்கொண்டே, "எந்தா சேச்சி, வர்க்‌ஷாப் தொறந்தோ?" என்றார்.

எஞ்சினின் அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் எண்ணெய் இறங்கும். அது அசையவில்லை.

"எடது பக்கம் திருப்பு," என்றார் நாற்காலியிலிருந்து.

"எனக்கு எடதா, உங்களுக்கு எடதா?"

"எடதுன்னா எடதுதான்! நீ முறுக்கிட்டே இருக்க. மரை போயிரும், கேட்டியா!"

நான் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்க, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவருடைய முட்டிகள் தரையில். எனக்குக் காட்டித்தர மண்டியிட்டவரால் அப்புறம் குனியவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் அப்படியே முட்டிபோட்டிருந்தார்.

நான் தவழ்ந்து வெளியே வந்தேன். சேட்டன் பிரஷ்ஷை வாயில் கடித்தபடி ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். "போதும், நீங்க உள்ள போங்க" என்றேன். போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். நான் மறுபடி படுத்து, எதிர்ப்பக்கம் திருப்பினேன். போல்ட் இளகி, சூடான எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. ஃபில்டரையும் மாற்றி, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கிப் புது ஆயிலை ஊற்றினேன். வேலை சரியாகத்தான் முடிந்தது. ஆனாலும் அன்று முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறைக்கு நான் வேறு வழி தேடினேன். எர்ணாகுளத்தில் உதிரிபாகக் கடை ஒன்றில் ஒரு கைப்பம்பு கிடைத்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு அந்தத் துளைக்குள் மெல்லிய குழாயை அடிவரை இறக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி நாலைந்து தடவை இழுத்தால் எண்ணெய் மேலேறிக் கேனுக்குள் வந்துவிடும். படுக்க வேண்டாம், பலகையும் வேண்டாம்.

"இது உறிஞ்சினா அடியில கசடு நிக்கும்," என்றார் பார்த்ததும். "வெளையாட்டுச் சாமான்."

"நின்னா நிக்கட்டும். இழுத்துப் பாருங்க."

இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றே இழுத்தார். குழாயில் கறுப்பு ஏறியதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பத்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கார் வேலையில் அவர் கை பட்டது அன்றுதான். குழாயைக் கொஞ்சம் தூக்கினார், திருப்பினார், மறுபடி இறக்கினார். கடைசியில் காற்று மட்டும் வந்தது.

"இப்ப அடியில எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும்," என்றார்.

அதற்காகவே காரை ஜாக்கியில் தூக்கிப் பலகையில் நிறுத்தி, நான் சாக்கு விரித்துப் படுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன். அரை கிளாஸ்கூட இல்லை. பேசினை நீட்டினேன், வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கொள்ளாம்," என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஃபில்டருக்கு மட்டும் இன்னமும் நான்தான் கீழே போகிறேன். பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, அதை வாங்கிக்கொள்ளும் வர்க்‌ஷாப்புக்கு அவரே என்னோடு வந்து கொடுக்கிறார். போன மாதம் எதிர்வீட்டுச் சேட்டன் அந்தப் பம்பை இரவல் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு போய் அவர் காருக்கும் ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார் என் கணவர்.