விலைச்சீட்டு கிழிக்காத புடவை

நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் லீலாபாய் புடவை விரிக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வாங்க வந்தவளின் செருப்பைப் பார்த்தே எந்த விலைப் புடவையை எடுத்துப் போடலாம் என்று சொல்லிவிடுவாள். இத்தனை கெட்டிக்காரி சொந்தக் காரியத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். அவளைப் போல இறங்கிய பெண்கள் ஊரில் நிறைய உண்டு. யாரும் வாய் திறப்பதில்லை என்பதால், ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் உள்ளே கிடப்பதாக நினைத்துக்கொள்கிறாள்.

பெருங்கடவிளையில் வீடு. புருஷன் செல்லையன் ரப்பர் வெட்டப் போகிறவர். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒரே மகள் ஜிஜாவை மூன்று வருஷத்துக்கு முன் உதியன்குளங்கரையில் பிபினுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிபினின் அம்மா புஷ்பலெட் சபையில் பெண்கள் ஐக்கியச் செயலாளர். சிரித்துக்கொண்டே பேசுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் லீலாபாய் பயந்தாள்.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குத் துணியும் கேக்கும் கொண்டுபோக வேண்டும். முதல் வருஷம் கட்டாயம். அதற்குப் பிறகு, “உங்க இஷ்டம்” என்பார்கள். ஆளைக் கொல்வது அந்த இஷ்டம்தான். கொண்டுவந்த துணியை மாமியார்காரி பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு விரித்துக் காட்டுவாள். அதற்காகவே விலைச்சீட்டைக் கிழிக்காமல் கொடுப்பது வழக்கம். விலையை வாயால் சொன்னால் அற்பத்தனமாம், சீட்டு சொன்னால் கவுரவமாம்.

முதல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வங்கி ஆள் கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்து, வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கிரெடிட் கார்டு எழுதிக்கொடுத்தான். லீலாபாய் அந்த வருஷம் மாமியாருக்கு, மாமனாருக்கு, மருமகனுக்கு, அவன் அண்ணன் குடும்பத்துக்கு என்று முப்பத்தெட்டாயிரத்துக்குத் துணி எடுத்தாள். மாதாமாதம் போனில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வரும். அதுதான் தவணை என்று நினைத்துத் தேதி தவறாமல் கட்டினாள். சபைச் சந்தாவில் ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காத வீட்டில் வளர்ந்தவள். கட்டச் சொன்னதைக் கட்டிவிட்டால் கடன் தீரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இடையில் ஈஸ்டர் வந்தது, பேரனின் ஞானஸ்நானம் வந்தது, அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது. கார்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

கல்லாவில் இருக்கும் பினுதான் ஒருநாள் அவளுடைய போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“அக்கா, நீங்க கெட்டுனதுல முக்காவாசியும் வட்டிக்காக்கும் போயிருக்கு. அசல் அப்பிடியே கெடக்கு.”

“எவ்வளவு டே கெடக்கு?”

“ஒண்ணு, நாலு.”

ஒரு லட்சத்து நாலாயிரம். அவளுடைய சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு. செல்லையனிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கோடு போவது, நூல்கூட எடுப்பதில்லை என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

நவம்பர் கடைசியில் ஜிஜா கூப்பிட்டாள்.

“அம்மா, மூத்தவங்களுக்க வீட்டிலேருந்து இப்பமே வாஷிங் மெஷின் கொண்டு வந்தாச்சு.”

“அப்பிடியா மக்கா?”

“நான் சும்ம சொன்னேன். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். மாமி அதைத் தொடச்சித் தொடச்சி வைக்கியா, அதாக்கும் சொன்னேன்.”

சும்மா சொன்னாளாம். இப்படிச் சும்மா சொன்ன சொல்லுக்கு விழுந்த வீடுகள் எத்தனையோ. மகள் அந்த அடுக்களையில் மூத்த மருமகளின் மெஷினுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்பாளே என்ற ஒரே நினைப்பில் லீலாபாயின் சத்தியம் காற்றில் போனது. ஏழாயிரத்து இருநூறு ரூபாய்க்கு மாம்பழ நிறப் பட்டு ஒன்று புஷ்பலெட்டுக்கு. மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதினாலாயிரம் தேய்த்தாள். கார்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே பயமாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று புஷ்பலெட் புடவையை விரித்துச் சீட்டைப் பார்த்து, “எதுக்கு மைனி இவ்வளவு?” என்றபோது, பக்கத்தில் நின்ற ஜிஜாவின் முகம் மலர்ந்தது. அந்த முகம் போதும் என்று திரும்பி வந்தாள்.

மூன்றாம் நாள் காலை கடை திறந்ததும் புஷ்பலெட்டே உள்ளே வந்தாள். பின்னால் குழந்தையோடு ஜிஜா. பையிலிருந்து அதே மாம்பழப் பட்டு வெளியே வந்தது, மடிப்புக் கலையாமல், சீட்டோடு. சீட்டு கிழியாமல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் துணியை மாற்றிக்கொள்ளலாம், காசு திரும்பக் கிடையாது. இதுதான் கடைச் சட்டம். வந்தவர்களிடம் நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்லும் லீலாபாய்க்கு, தான் கொடுத்ததும் இப்படித் திரும்பி வரும் என்று தோன்றியதே இல்லை.

“எனக்கு இந்த நெறம் சேராது மைனி. எங்க மக ஷீஜாவ ஒற்றசேகரமங்கலத்துல கெட்டிக்கொடுத்திருக்கில்லியா? புது வருஷத்துக்கு அவளுக்க மாமிக்கு ஒண்ணு கொண்டுபோணும். இதுக்குப் பகரமா நல்லதா ஒண்ணு எடுத்துத் தாருங்க.”

லீலாபாய் முகம் தெரியாத ஒருத்திக்காகப் பத்துப் புடவைகளை விரித்தாள். புஷ்பலெட் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் போட்ட ஒரு பச்சைப் பட்டைத் தொட்டாள். ஆயிரத்து எழுநூறு அதிகம். அவள் பர்ஸைத் திறக்கப் போனாள்.

“வேண்டாம் மைனி, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் லீலாபாய். அவளைச் சொல்லவைத்தது எந்தப் பேயோ. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பினு கார்டைத் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். பிறகு தலை நிமிராமலே, “எடுக்கல்ல அக்கா. லிமிட் முடிஞ்சு” என்றான்.

புஷ்பலெட் கார்டையும் லீலாபாயையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்பம் எல்லாம் இதுல எடுத்ததாக்கும், இல்லியா? பைசா இல்லேண்ணா சொல்லப்பிடாதா மைனி? நாங்க ஒண்ணும் கேக்கலியே.”

உண்மைதான், அவர்கள் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒருதடவைகூட வாய் திறந்து கேட்கவில்லை. பினுவுக்குக் கேட்டது, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்டது. ஜிஜா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அம்மாவின் அருகில் வந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று லீலாபாய் நினைத்தாள்.

“இனி நான் அந்த வீட்டில எப்பிடிம்மா நிப்பேன்?” என்றாள் மகள்.

புஷ்பலெட் ரொக்கம் கொடுத்துப் பச்சைப் பட்டோடு போனாள். ஜிஜா திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள். மேலாளர் அனூஜ் வந்து மாம்பழப் பட்டைத் தூக்கிப் பார்த்தார். “சீத்தயாயிட்டில்ல. திரிச்சு வச்சோளூ சேச்சி” என்றார் மலையாளத்தில், துணி கெடவில்லை, திரும்ப வைத்துவிடுங்கள் என்று. லீலாபாய் அதை எடுத்த அலமாரியிலேயே வைத்தாள். அதற்கு இன்னும் அவள் ஒரு ரூபாய்கூடக் கட்டியாகவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். தேய்ந்த ரப்பர் செருப்பு. கண் அந்த மாம்பழப் பட்டிலேயே நின்றது.

“மகளுக்க மாமியாருக்காக்கும். புது வருஷத்துக்கு நாங்க மொதல்ல போறோம். இது மாசாமாசம் கெட்டுக மாதிரி கிட்டுமா அக்கா?”

சொல்ல வேண்டியது எல்லாம் லீலாபாய்க்குத் தெரிந்திருந்தது. அனூஜ் நாலு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத் தொகை ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

“கிட்டும் மக்கா” என்று சொல்லிப் புடவையை விரித்தாள்.