அத்தையின் ஓலைக்கு நான் சொன்ன தடை

எங்கள் கோயிலில் புத்தாண்டுப் பூசை சீக்கிரம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. காலைப் பூசை என்று பெயர்தான். வெளியே வரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். பிரசங்கம் நீளம், அதைவிட நீளம் கடைசியில் வாசிக்கும் பங்குச் செய்திகள். போன வருஷம் யார் வீட்டில் ஞானஸ்நானம், யார் கல்லறைக்குப் போனார்கள், யார் பிரான்சுக்குப் போனார்கள், கோபுரத்துக்கு வெள்ளையடிக்க யார் உதவினார்கள் என்று ஒன்று விடாமல் வரும். பிரான்சுக்குப் போனவர்களின் பெயர்களுக்குத்தான் கோயிலில் அதிகம் பெருமூச்சு கேட்கும்.

அந்தச் செய்திகளை வருஷா வருஷம் எழுதிக்கொடுப்பவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பங்குச் சாமியாரின் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் அந்த வேலை இவளிடம் வந்து சேர்ந்திருந்தது. கல்யாண ஓலைகளும் அவள் எழுத்துதான். ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது என்று பூசையில் மூன்று முறை அறிவிப்பது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் அத்தை தன் ஓலையைத் தானே எழுதினாள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிறுதோறும் அப்பாவின் புது செல்போனில் பேசுவார். பேசிவிட்டு வரும் அத்தையின் முகம் பளிச்சென்று இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போய்வந்த அப்பா, பாரம் இறங்கியது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மா அத்தையின் அறையை டேப் வைத்து அளந்து, பீரோ இங்கே, கட்டில் அங்கே என்று அவள் எதிரிலேயே திட்டம் போட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நெடுநாளாக இடம் போதவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அத்தைதான். அதே அறையில் அத்தையை ஒட்டிப் படுத்துத் தூங்குகிறவள் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் ஓலை கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. நான் அன்று கவனிக்கவில்லை. இரண்டாவது, புத்தாண்டுப் பூசையில். அன்றைய பிரசங்கத்தில் சாமியார், மனத்தில் பூட்டி வைத்ததைப் புது வருஷத்துக்கும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு பங்குச் செய்திகள் எல்லாம் ஓய்ந்து அத்தையின் பெயர் வந்தது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். அது எனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். போன மே மாதம்தான் நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தேன். கடமையைச் செய்யாமல் விடுவது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தவளே அத்தைதான்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழைந்தேன். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, "போன் அன்னே, பாப்பா!" என்று பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிச் சாக்லேட்டை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டுதான் விஷயத்துக்கு வந்தேன்.

"தடை சொல்ல வந்தேன், சாமி. எங்க அத்தைக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன தடை?"

"அத்தைக்குக் குளிர் ஒத்துக்காது. இங்கயே தும்முவாங்க. அங்க ஐஸ் கொட்டுமாம்."

"ஸ்வெட்டர் போட்டுக்குவாங்க. வேற?"

"எனக்கு இன்னும் பதினாலாம் வாய்ப்பாடு வரல. அவங்கதான் சொல்லித் தராங்க."

"சரி. வேற?"

வேறு ஒன்றும் மிச்சமில்லை. "அவங்க இல்லாம எனக்குத் தூக்கம் வராது, சாமி" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

சாமியார் சிரிக்கவில்லை. "இத அத்தகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் என்னைத் தேடிக்கொண்டு அம்மா வந்து நின்றாள். பாதியைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, முகம் வெளிறிப்போயிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அர்ச்சனை. "நல்ல நாளும் அதுவுமா தடைன்னு வாய வச்சிட்டாளே! மாப்ள வீட்டுல காதுல விழுந்தா என்ன ஆவறது?" என்று அம்மா புலம்ப, அப்பா என் காதைத் திருகினார். அத்தை பின்னால் வந்தாள். புத்தாண்டு பிரியாணி வாசனை வீடு முழுக்க இருக்க, நான் சுவரைப் பார்த்து முழந்தாள் போட்டிருந்தேன்.

அத்தை பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "சாமிகிட்ட என்னடி சொன்ன?"

குளிர், வாய்ப்பாடு, தூக்கம் மூன்றையும் ஒப்பித்தேன்.

"கடைசியா என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். சிரித்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "எத்தினி பேருக்கு ஓலை எழுதியிருப்பேன்! யாருக்கும் யாரும் வந்து தடை சொன்னதில்லடி" என்று என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். "அப்ப நீ போவலியா, அத்த?"

"போறேன்டி. போவாம?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியிலிருந்து எழுந்து மறுபடியும் சுவர் பக்கம் திரும்பி முழந்தாள் போட்டேன். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசிக்கப்பட்டது. மாசக் கடைசியில் கல்யாணம். விசா வந்ததும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எங்களுக்குக் கையாட்டிவிட்டு அத்தை உள்ளே போனாள். தடை சொல்லியும் செல்லாமல் போய்விட்டதே என்று நெடுநாள் எனக்குச் சாமியார் மேல் கோபம்.

அவள் போகக்கூடாது என்றுதான் அதைச் சொன்னேன். போக வேண்டாம் என்று வீட்டில் ஒருத்தியாவது சொன்னதைக் கேட்டதனால்தான் அவளால் மனசு ஆறிப் போக முடிந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.